முதல் வீடு, முதலீடாக: படூரில் 68 லட்சம், சரியா?

27 செப்டம்பர் 2025 | கேள்வி | ஓ.எம்.ஆர். பையன்

வயது 29. சோழிங்கநல்லூரில் வேலை, பெரும்பாக்கத்தில் நண்பர்களோடு வாடகை வீடு. சொந்த ஊர் திருக்கோவிலூர் பக்கம். ஓ.எம்.ஆர். (பழைய மாமல்லபுரம் சாலை) படூரில் கட்டிக்கொண்டிருக்கும் உயர்மாடி அடுக்ககத்தில் டபுள் பெட்ரூம், 1,100 சதுர அடி, 68 லட்சம் சொல்கிறார்கள். நான் குடிபோகப் போவதில்லை, முதலீடுதான். வாடகைக்கு விட்டால் 18,000 வரும், ஈ.எம்.ஐ.யில் பாதி வந்துவிடும், மீதியை நான் போட்டால் 20 வருஷத்தில் வீடு என்னுடையது. வரியும் மிச்சம். வாடகை கொடுப்பது தண்டம் என்று அப்பா சொல்லிக்கொண்டே இருக்கிறார். மெட்ரோ வேறு வருகிறது, ஓ.எம்.ஆர். விலை இறங்காது. இதில் ஓட்டை இருந்தால் சொல்லுங்கள்.

27 செப்டம்பர், இரவு | சிட்லபாக்கம் அக்கா

தம்பி, முதலில் 68 என்பது 68 இல்லை. புது அடுக்ககத்தின் முதல் விற்பனைக்கு 2023 டிசம்பரிலிருந்து நிலம், கட்டடம் இரண்டையும் சேர்த்த மதிப்பில் பத்திரச் செலவு: 50 லட்சம் வரை 6%, அதற்கு மேல் 3 கோடி வரை 7%, அதையும் தாண்டினால் 9%. உங்களுக்கு 7%, அதாவது 4 லட்சத்து 76 ஆயிரம். கட்டி முடியாத வீடு என்பதால் ஜி.எஸ்.டி. 5%. விலையில் சேர்க்கவில்லை என்றால் அது இன்னொரு 3 லட்சத்து 40 ஆயிரம். 76 லட்சத்தைத் தாண்டியாயிற்று. கார் பார்க்கிங், கார்ப்பஸ் ஃபண்ட் (பராமரிப்புக்கான வைப்புத் தொகை), ஈ.பி. இணைப்பு, குடிநீர் இணைப்பு என்று பில்டரிடம் தனியாக ஒரு தாள் இருக்கும். நீங்களாகக் கேட்டால்தான் எடுத்துக் காட்டுவார்கள். கேளுங்கள்.

30 லட்சத்துக்கு மேல் 75 லட்சம் வரையிலான வீட்டுக் கடனுக்குச் சொத்து மதிப்பில் 80%-க்கு மேல் தரக்கூடாது என்பது ரிசர்வ் வங்கி விதி. பத்திரச் செலவை அந்த மதிப்பில் சேர்க்கவும் மாட்டார்கள். 54 லட்சம் கடன் கிடைக்கும் என்று வைத்தால் உங்கள் கையிலிருந்து போக வேண்டியது 22 லட்சம். இதில் எவ்வளவு உங்கள் சேமிப்பு, எவ்வளவு அப்பாவுடையது, எவ்வளவு பர்சனல் லோன்? பர்சனல் லோன் போட்டுத்தான் முன்பணம் என்றால் இதற்கு மேல் படிக்க வேண்டாம், இந்த வீடு உங்களுக்கு இப்போது வேண்டாம்.

28 செப்டம்பர், காலை

நேற்று பாதியில் விட்டேன். 8% வட்டி, 20 வருஷம், 54 லட்சம்: மாதத் தவணை 45,170 ரூபாய் வாக்கில் வரும். முதல் மாதத் தவணையில் 36,000 வட்டி, 9,000 சொச்சம்தான் அசல். 20 வருஷத்தில் மொத்தம் 1 கோடியே 8 லட்சம் கட்டுவீர்கள்.

வாடகை 18,000 என்று எழுதியிருந்தீர்கள். அது தவணையில் பாதி ஆகாது, 40%. அதுவும் சாவி கைக்கு வந்த பிறகு. அதுவரை உங்கள் வாடகையும் கட்ட வேண்டும், வங்கி விட்ட பணத்துக்கு வட்டியும் கட்ட வேண்டும். வருஷத்தில் ஒரு மாதம் காலியாகக் கிடக்கும் என்று வைத்து, சொத்து வரி, சில்லறை ரிப்பேர் எல்லாம் கழித்தால் கையில் நிற்பது 1 லட்சத்து 80 ஆயிரம். போட்ட 76 லட்சத்துக்கு 2.4% கூட இல்லை.

கடன் 8%. வாடகை 2.4%. நடுவில் இருக்கிற ஐந்தரை சதவீதத்தை வீட்டின் விலை வருஷா வருஷம் ஏறிக் கொடுக்க வேண்டும். 10 வருஷம் கழித்து 1 கோடியே 30 லட்சத்துக்கு விற்றால்தான் நீங்கள் கிளம்பிய இடத்தில் நிற்பீர்கள். ஏறாது என்று நான் சொல்லவில்லை. எது ஏறும் என்று பார்த்து வாங்கச் சொல்கிறேன்.

28 செப்டம்பர், மதியம்

ஏறுவது நிலம். கட்டடம் வருஷா வருஷம் தேயும்.

ஃபிளாட் வாங்குகிறவர் உண்மையில் வாங்குவது யூ.டி.எஸ்., பிரிபடாத நிலப் பங்கு. உங்கள் கேள்வியில் சதுர அடி இருக்கிறது, விலை இருக்கிறது, யூ.டி.எஸ். மட்டும் இல்லை. 2019 கட்டட விதிகளில் சாதாரணக் கட்டடத்துக்கு எஃப்.எஸ்.ஐ. (நிலத்தின் அளவைப் போல எத்தனை மடங்கு கட்டலாம் என்ற கணக்கு) 2, அகலச் சாலையில் வரும் உயர்மாடிக்கு 3.25. அதாவது, நீங்கள் பார்த்த மாதிரி உயர்மாடியில் 1,100 சதுர அடி வீட்டுக்கு நிலப் பங்கு 330, 350 சதுர அடி இருந்தாலே அதிகம். அந்தப் பக்கம் மனை சதுர அடி 5,000 ரூபாய் என்று தாராளமாகவே வைத்தாலும் உங்கள் பங்கு நிலத்தின் விலை 16 லட்சத்து 50 ஆயிரம். மிச்சம் 50 லட்சத்துக்கு மேல் நீங்கள் கொடுப்பது செங்கல், சிமெண்ட், லிஃப்ட், நீச்சல் குளம், பில்டர் லாபம். குடியிருக்கப் போகிறவருக்கு அதெல்லாம் பயன்படும். முதலீடு என்று வருகிறவருக்கு?

எங்கள் முதல் வீடும் முதலீடாக வாங்கியதுதான். 2013-இல், சிட்லபாக்கத்தில், மறுவிற்பனை. நாங்கள் அப்போது சைதாப்பேட்டையில் வாடகைக்கு இருந்தோம், இரண்டு பேருக்கும் வேலை கிண்டியில். தரைத்தளமும் இரண்டு மாடியும், எட்டு வீடு, 2002-இல் கட்டியது. 820 சதுர அடி வீட்டுக்கு நிலப் பங்கு 510. லிஃப்ட் கிடையாது, டைல்ஸ் கூட பழைய மொசைக். கூடப் பார்த்த நண்பர்கள் எல்லாரும் புதுக் கட்டடம் வாங்கினார்கள். நாங்கள் பழையதை எடுத்ததற்குக் காரணம் அந்த 510 மட்டும்தான்.

28 செப்டம்பர், இரவு

இந்தக் கேள்விக்குப் பதில் சொன்ன இன்னொருவர் பத்திரச் செலவு 9% என்று எழுதியிருக்கிறார். அது மறுவிற்பனைக்கு: முத்திரைத் தீர்வை 7, பதிவுக் கட்டணம் 2. பதிவுக் கட்டணம் 2017 ஜூனில் 1-லிருந்து 4 ஆனது, அப்போது வழிகாட்டி மதிப்பை (பத்திரப் பதிவுக்கு அரசு வைக்கும் நில மதிப்பு) 33% குறைத்தார்கள். 2023 ஏப்ரலில் மதிப்பைப் பழையபடி ஏற்றிவிட்டு, கட்டணத்தை 2 ஆக்கினார்கள். புது ஃபிளாட்டின் முதல் விற்பனைக்கு நான் மேலே எழுதிய அடுக்குதான்.

30 செப்டம்பர்

"வரியும் மிச்சம்" என்றீர்களே, அது இப்போது பெரும்பாலும் பழைய கதை. நீங்கள் எந்த வரி முறையில் இருக்கிறீர்கள்? 2023-24 முதல் புதிய முறைதான் தானாக வரும். அதில் குடியிருக்கும் வீட்டின் வட்டிக்குக் கழிவு கிடையாது, அசலுக்கு 80சி-யும் கிடையாது. வாடகைக்கு விட்ட வீடு என்றால் வாடகையில் 30% கழித்து, மிச்சத்துக்கு எதிராக வட்டியைக் கழிக்கலாம். உங்கள் கணக்கில் வாடகை 2 லட்சத்து 16 ஆயிரம், 30% போனால் 1 லட்சத்து 51 ஆயிரம். முதல் வருஷ வட்டியோ 4 லட்சத்துக்கு மேல். அந்த நஷ்டத்தைப் பழைய முறையில் 2 லட்சம் வரை சம்பளத்தில் கழிக்கலாம், புதியதில் முடியாது. ஆக, வாடகைக்கு வரி வராது, சம்பளத்துக்கு வரி குறையாது. அவ்வளவுதான்.

விற்கும்போது லாபத்துக்கும் வரி உண்டு. 2024 ஜூலை 23-க்கு முன் வாங்கிய வீட்டுக்கு, விலைவாசிக் குறியீட்டோடு (வாங்கிய விலையை விலைவாசிக்கு ஏற்ப உயர்த்திக் கணக்கிட்டால்) 20%, குறியீடு இல்லாமல் 12.5%, எது குறைவோ அதைக் கட்டலாம். அதற்குப் பின் வாங்குகிறவர்களுக்கு 12.5% மட்டும், குறியீடு கிடையாது. விலை மெதுவாக ஏறும் இடத்தில் வாங்கினால் இது நன்றாகவே கடிக்கும். என் தங்கை போன வருஷக் கடைசியில் வாங்கினாள், அவளுக்கு இதை யாருமே சொல்லவில்லை. எனக்கு இன்னும் அதில் கோபம்.

3 அக்டோபர்

அப்பாவை விட்டுக்கொடுக்க மனசில்லாமல் எழுதியிருக்கிறீர்கள். அவரிடம் ஒன்று மட்டும் சொல்லுங்கள்: வாடகை திரும்ப வராத பணம் என்றால், மாதம் 36,000 வட்டியும் திரும்ப வராத பணம்தான். பெரும்பாக்கத்தில் உங்கள் பங்கு வாடகை 7,000. அலுவலகத்துக்குப் பக்கத்தில் 7,000-க்கு இருக்க முடிகிற ஒரு பையனுக்கு வாடகை தண்டம் இல்லை, லாபம்.

ஆனாலும் வீடு வாங்காதே என்று சொல்லும் கூட்டத்தோடு நான் சேர மாட்டேன். எஸ்.ஐ.பி.யில் (மாதாமாதம் மியூச்சுவல் ஃபண்டில்) போடு, தங்கத்தில் போடு என்கிறார்கள். கணக்கில் அவர்கள் பக்கம் நியாயம் இருக்கிறது. ஆனால், எங்கள் குடும்பத்தில் எஸ்.ஐ.பி. ஆரம்பித்தவர்களில் பாதிப் பேர் ஏதாவது கல்யாணம் வந்தால் நிறுத்திவிட்டார்கள். வீட்டுத் தவணையை யாரும் நிறுத்தவில்லை. வட்டி 10%-க்கு மேல் இருந்த காலத்தில் நாங்கள் கட்டியிருக்கிறோம். போனஸ் வந்தால் அசலில் போட்டோம். தனிநபரின் மாறும் வட்டிக் கடனுக்கு முன்கூட்டிக் கட்டினால் அபராதம் கிடையாது, அதைப் பயன்படுத்திக்கொள்ளுங்கள். வட்டி ஏறும்போது வங்கிகள் தவணையை அப்படியே வைத்துவிட்டு ஆண்டுகளை நீட்டிவிடும். 2023 ஆகஸ்டு சுற்றறிக்கைக்குப் பிறகு உங்களைக் கேட்க வேண்டும், தவணையை ஏற்றலாமா, காலத்தை நீட்டலாமா என்று. தவணையை ஏற்றச் சொல்லுங்கள்.

5 அக்டோபர்

கூடுவாஞ்சேரியில் மனை வாங்கச் சொல்லி ஒரு அண்ணன் நீளமாக எழுதியிருக்கிறார். மனையில் நிலம் முழுசாக நம்முடையது, அதில் மறுப்பே இல்லை. ஆனால் மனை வாடகை தராது. ஊரில் இல்லாதவர் மனை வாங்கினால் வேலி போடவும், வருஷத்துக்கு இரண்டு தடவை போய்ப் பார்க்கவும் ஆள் வேண்டும். சி.எம்.டி.ஏ. அல்லது டி.டி.சி.பி. (அரசின் நகரமைப்பு அமைப்புகள்) அப்ரூவல் இல்லாத மனையைத் தொடவே கூடாது. 2016 செப்டம்பரில் உயர் நீதிமன்றம் அப்ரூவல் இல்லாத மனைகளைப் பதிய வேண்டாம் என்று தடை போட்டபோது எத்தனை பேர் அழுதார்கள் என்று பதிவு அலுவலக வாசலில் பார்த்தவள் நான். அதன் பிறகு அப்படிப்பட்ட மனைகளை முறைப்படுத்தும் வரன்முறைத் திட்டம் வந்தது, 2016 அக்டோபர் 20-க்கு முன் பதிவான மனைகளுக்கு வழி பிறந்தது. இன்றும் "வரன்முறை செய்துகொள்ளலாம் சார்" என்று விற்கிறார்கள். செய்து முடித்த உத்தரவைக் காட்டச் சொல்லுங்கள்.

கிளாம்பாக்கம் பேருந்து முனையம் 2023 டிசம்பர் 30-இல் திறந்தது. அந்தச் சாலை முழுக்க விலையில் அதை ஏற்கெனவே சேர்த்தாயிற்று. உங்கள் படூருக்கு மெட்ரோ சொன்னீர்களே, அதுவும் அப்படித்தான். மாதவரத்திலிருந்து வரும் தடம் சிறுசேரி சிப்காட்டோடு முடிகிறது. அது ஓடத் தொடங்குமுன்பே அதற்கான பணத்தை உங்களிடம் வாங்கிக்கொள்கிறார்கள்.

5 அக்டோபர், மாலை

மனை பற்றி எழுதும்போது ஞாபகம் வந்தது. முதலில் நாங்கள் முடிக்க இருந்தது சிட்லபாக்கம் வீடு இல்லை, ராஜகீழ்ப்பாக்கத்தில் ஒரு தனி வீடு. மூன்று அண்ணன் தம்பிகள் விற்றார்கள். அப்பா 2001-இல் தவறிவிட்டார், உயில் இல்லை. விலை நியாயம், கிணற்றில் நல்ல தண்ணீர், வாசலில் வேப்பமரம், எனக்கு அப்படிப் பிடித்திருந்தது. தாம்பரம் கோர்ட்டில் இருக்கும் எங்கள் வக்கீல் வாரிசுச் சான்றை வாங்கிப் பார்த்தார். அதில் இரண்டு பெண்கள் பெயர். அவர்கள் பங்கை விட்டுக்கொடுத்த விடுதலைப் பத்திரம் எங்கே என்று கேட்டார். "அவங்களுக்குக் கல்யாணத்திலேயே நகை போட்டாச்சு, அவங்க கேட்க மாட்டாங்க" என்றார் மூத்தவர்.

உயில் எழுதாமல் இறந்த இந்து அப்பாவின் சுயசம்பாத்தியத்தில் மகளுக்கு 1956 சட்டத்திலிருந்தே சம பங்கு. பூர்வீகச் சொத்திலும் தமிழ்நாடு 1989-இல் அப்போது மணமாகாத மகள்களுக்கு உரிமை கொடுத்தது, 2005-இல் நாடு முழுக்க எல்லா மகள்களுக்கும் வந்தது. போட்ட நகை பங்கை அழிக்காது. நாங்கள் விலகிவிட்டோம். அந்த வீட்டு வழியாகப் போகும்போது வேப்பமரத்தைப் பார்த்தால் இன்னும் ஆசையாகத்தான் இருக்கும். ஆனால் அந்த அக்கா தங்கைகள் இரண்டு பேரும் கையெழுத்துப் போடாத வீட்டில் என் பிள்ளைகள் தூங்கியிருக்க வேண்டாம்.

11 அக்டோபர்

"வங்கி லோன் அப்ரூவ் ஆகியிருக்கிறது, அப்புறம் எதற்கு வக்கீல்" என்று கேட்டவருக்கு: வங்கி பார்ப்பது அதன் கடனுக்கு. நமக்குப் பார்க்க நம் ஆள் வேண்டும்.

வில்லங்கச் சான்றை (சொத்தின் மேல் பதிவான விற்பனை, அடமானப் பட்டியல்) பதிவுத்துறை இணையதளத்தில் நீங்களே காசில்லாமல் பார்க்கலாம். குறைந்தது 30 வருஷத்துக்குப் போடுங்கள். எங்கள் வீட்டுக்குப் போட்டபோது 2005-ஆம் வருஷத்து அடமானப் பதிவு ஒன்று நின்றது. விற்றவர் நல்ல மனிதர், ரயில்வேயில் ஓய்வு பெற்றவர், "கடன் எப்பவோ அடைஞ்சாச்சு, பத்திரம் என் கையில இருக்கு பாருங்க" என்று பிளாஸ்டிக் உறையைப் பிரித்து மேசையில் வைத்தார். மூலப்பத்திரம், தாய்ப்பத்திரம் எல்லாம் இருந்தது. வங்கியிலிருந்து கடன் முடிந்த கடிதமும் இருந்தது, நான்காக மடித்து, மடிப்பு கிழிந்துபோய். ஆனால் அடமானத்தை ரத்து செய்யும் ரசீது ஆவணம் பதிவாகவே இல்லை. காகிதத்தில் அந்த வீடு இன்னமும் அடமானத்தில்தான் இருந்தது. அவர் பல தடவை அலைந்து, வங்கி அதிகாரி ஒருவரைப் பதிவு அலுவலகத்துக்கு அழைத்து வந்து, ரசீது பதிவான பிறகுதான் நாங்கள் ஒப்பந்தம் போட்டோம்.

இப்போது கடன் முடிந்த 30 நாளுக்குள் அசல் பத்திரங்களைத் திருப்பிக் கொடுத்து, பதிவான அடமானத்தையும் நீக்க வேண்டும், வங்கியால் தாமதமானால் நாளுக்கு 5,000 ரூபாய் தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி சொல்லியிருக்கிறது, 2023 டிசம்பர் 1 முதல். ஆனாலும் வில்லங்கத்தில் கண்ணால் பார்க்காமல் நம்ப வேண்டாம்.

12 அக்டோபர்

கட்டி முடியாத வீடு என்றால் ரெரா (வீட்டுத் திட்டங்களை ஒழுங்குபடுத்தும் ஆணையம்) எண் முக்கியம். தமிழ்நாடு ரெரா இணையதளத்தில் திட்டத்தின் பெயரைப் போட்டால் பில்டர் எந்தத் தேதியில் முடிப்பதாகச் சொன்னார் என்று இருக்கும். விற்பனை ஆள் வாயால் சொன்ன தேதியோடு ஒப்பிடுங்கள். ஒப்பந்தம் பதியுமுன் 10%-க்கு மேல் வாங்கக் கூடாது. வாங்கும் பணத்தில் 70% தனிக் கணக்கில் இருக்க வேண்டும். சாவி கொடுத்த 5 வருஷத்துக்குள் கட்டுமானக் குறை வந்தால் பில்டர் சரிசெய்து தர வேண்டும். 1,100 என்று விளம்பரத்தில் போடுவது சூப்பர் பில்ட்-அப், பொது இடத்தின் பங்கும் சேர்ந்த அளவு. கார்பெட் ஏரியா கேளுங்கள், நடந்து அளக்க முடிவது அதுதான்.

மண் பரிசோதனை அறிக்கையையும் கேளுங்கள். மௌலிவாக்கத்தில் 2014 ஜூன் 28-இல் இடிந்த 11 மாடிக் கட்டடத்தில் 61 பேர் செத்தார்கள். அதில் வீடு புக் செய்தவர்களும் இருந்தார்கள், கடனுக்குத் தவணை கட்டிக்கொண்டு. 2016 நவம்பரில் பக்கத்துக் கட்டடத்தையும் வெடிவைத்துத் தகர்த்தார்கள்.

18 அக்டோபர்

யூ.டி.எஸ். பற்றி எழுதியதை மறுபடி படித்தேன். அதை மட்டும் பார்த்து யாரும் பழைய கட்டடத்தில் போய் விழுந்துவிடக் கூடாது, அதனால் இது. நிலப் பங்கு பெரிதாக இருப்பதன் பலன் ஒருநாள் கட்டடத்தை இடித்துக் கட்டும்போதுதான் முழுசாக வரும். அதற்கு அக்கம்பக்கம் ஒத்துவர வேண்டும். முன்பு ஒருவர் மறுத்தாலே இழுபறி. 2022-இல் நிறைவேறி 2024-இல் நடைமுறைக்கு வந்த அடுக்கக உடைமைச் சட்டத்தில் மூன்றில் இரண்டு பங்கு உரிமையாளர்கள் சம்மதித்தால் போதும். எட்டு வீட்டில் ஆறு. இருந்தும் எங்கள் கட்டடத்தில் ஒருவர் அமெரிக்காவில், ஒருவர் வீடு பாகப் பிரிவினை வழக்கில். ஆறு கையெழுத்து சேர்ப்பது எளிதாக இருக்காது. தெருவின் அகலமும் உண்டு, குறுகல் தெருவில் மேலே கட்ட விட மாட்டார்கள்.

அதனால் நான் பார்க்கும் வரிசை மாறியிருக்கிறது. நிலப் பங்கு, தெரு அகலம், தண்ணீர், பிறகு பக்கத்தில் யார் யார் சொந்தக்காரர்கள். கடைசியில்தான் வீட்டுக்குள்ளே எட்டிப் பார்க்க வேண்டும்.

18 அக்டோபர், இரவு

தண்ணீர் என்றேன். இரண்டு வகை. இல்லாத தண்ணீரும் வரக்கூடாத தண்ணீரும்.

2019 கோடையில் பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் நான்கும் வறண்டபோது ஓ.எம்.ஆர். அடுக்ககங்கள் முழுக்க லாரித் தண்ணீரில் ஓடின, பராமரிப்புத் தொகை ஏறியது. அந்தச் செலவு வாடகைக்கு இருப்பவர் தலையில் விழும், அவர் காலி செய்துவிட்டுப் போவார். எங்கள் குடித்தனக்காரர்கள் அந்த வருஷம் போகவில்லை, கிணறு தாங்கியது. வீடு பார்க்கப் போனபோது என் அம்மா சொன்னது, "சுவரைத் தட்டிப் பார்த்தது போதும், கிணத்தை எட்டிப் பாரு."

2015 டிசம்பரில் எங்கள் தரைத்தளத்து வீடுகளில் முழங்கால் அளவு. எங்களுடையது முதல் மாடி, கீழே இருந்தவர்கள் மெத்தையும் கேஸ் சிலிண்டரும் தூக்கிக்கொண்டு எங்கள் குடித்தனக்காரர் வீட்டில் இருந்தார்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் பள்ளிக்கரணை, பெரும்பாக்கம் பக்கம் என்ன செய்தது என்று நீங்களே பார்த்திருப்பீர்கள். படூரோ எதுவோ, அந்தத் தெருவில் இஸ்திரி வண்டி வைத்திருப்பவரைக் கேளுங்கள், தண்ணீர் எந்தச் சுவர் வரை வந்தது என்று. அவருக்கு விற்க வேண்டியது எதுவும் இல்லை. இன்னும் சில நாளில் மழை பிடித்துவிடும். பெய்த மறுநாள் போங்கள்.

2 நவம்பர்

யாருக்கு வாடகைக்கு விடுவீர்கள் என்று நான் கேட்டதற்கு "ஐ.டி. ஆட்கள்" என்று ஒரே வரி பதில். 2020-இல் வீட்டிலிருந்து வேலை என்றதும் அந்த ஐ.டி. ஆட்கள் எல்லாரும் ஊருக்குப் போய்விட்டார்கள், ஓ.எம்.ஆரில் வீடுகள் காலியாகக் கிடந்தன, தவணை மட்டும் நின்றபாடில்லை. ஒரே தொழிலை நம்பிய இடத்தில் இந்த ஆபத்து உண்டு. எங்கள் வீட்டில் இதுவரை இருந்தவர்கள்: தாம்பரம் மெப்ஸ் ஏற்றுமதி வளாகத்தில் வேலை பார்த்த தம்பதி, ஒரு நர்ஸ் குடும்பம், கல்லூரி ஆசிரியர். குரோம்பேட்டை ரயில் நிலையம் பக்கம், எங்கே வேலை மாறினாலும் வீட்டை மாற்ற வேண்டியதில்லை. வாடகை பெரிதாக ஏறவில்லை, ஆனால் காலியாகவும் கிடக்கவில்லை.

அட்வான்ஸ் பற்றிக் கேட்டிருந்தீர்கள். வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால் மூன்று மாத வாடகைக்கு மேல் வாங்கக் கூடாது என்பது 2019-இல் நடைமுறைக்கு வந்த வாடகைச் சட்டம். சென்னையில் பத்து மாதம் வாங்கிப் பழகியவர்கள் இன்னும் விடவில்லை. நீங்கள் மூன்றோடு நில்லுங்கள். வாங்கியதைத் தொடாமல் வையுங்கள், அது திருப்பித் தர வேண்டிய பணம்.

29 நவம்பர்

படூரை விட்டுவிட்டீர்கள், சந்தோஷம். மழைக்கு மறுநாள் போய்ப் பார்த்ததும் நல்லது.

இப்போது சேலையூர் வீடு. 2008 கட்டடம், இரண்டாம் மாடி, 780 சதுர அடி, யூ.டி.எஸ். 450, விலை 52 லட்சம், இப்போதே 15,000 வாடகைக்கு ஆள் இருக்கிறார். வாடகை விலைக்கு மூன்றரை சதவீதம் வாக்கில் வருகிறது. இதே ஊரில் இதைவிட நன்றாகக் கிடைப்பது கஷ்டம். மறுவிற்பனை, 9%, 4 லட்சத்து 68 ஆயிரம், வழிகாட்டி மதிப்பு அதிகமாக இருந்தால் அதன்மேல். ஜி.எஸ்.டி. இல்லை. 40 லட்சம் கடன் என்றால் அதே 8%-இல் தவணை 33,460, கையிலிருந்து 17 லட்சத்துக்குச் சற்றுக் குறைவு. வாடகை போக 18,000 சொச்சம் நீங்கள் போடுவீர்கள். வேலை போனால் ஆறு மாதம் கட்டுவதற்குத் தனியாக 2 லட்சம் எடுத்து வைத்துவிட்டு மிச்சத்தை முன்பணமாகப் போடுங்கள். எனக்கு இந்த வீடு பிடித்திருக்கிறது. முக்கியமாக, ஒருநாள் நீங்களே குடிபோக நேர்ந்தால் போகலாம். ரயில், பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி எல்லாம் பக்கம். அப்படிப்பட்ட வீட்டை அவசரத்துக்கு அடிமாட்டு விலைக்கு விற்க வேண்டி வராது. முதல் வீட்டை முதலீடாக வாங்குகிறவருக்கு நான் வைக்கும் ஒரே நிபந்தனை இதுதான்.

6 டிசம்பர்

நேற்று ரெப்போ, அதாவது ரிசர்வ் வங்கி மற்ற வங்கிகளுக்குக் கடன் தரும் வட்டி, 5.25% ஆனது. பிப்ரவரியில் 6.5-இலிருந்து இறங்கத் தொடங்கியது. உங்கள் கடன் ரெப்போவோடு இணைந்ததா என்று கேட்டுக்கொள்ளுங்கள். வட்டி குறைகிறது என்று கடன் தொகையை மட்டும் ஏற்றிவிடாதீர்கள். 2020 மே முதல் இரண்டு வருஷம் 4%-இல் இருந்த ரெப்போ 2023 பிப்ரவரிக்குள் 6.5-க்குப் போனது. குறைந்த வட்டியை நம்பி எட்டாத கடன் எடுத்தவர்கள் அந்தக் காலத்தில் பட்ட பாட்டை நான் பக்கத்தில் இருந்து பார்த்தேன்.

9 டிசம்பர்

டோக்கன் அட்வான்ஸ் 2 லட்சம் ரொக்கமாகக் கேட்கிறார்களா? கொடுக்க வேண்டாம். வங்கி வழியாக மட்டும், அதுவும் ஒப்பந்தம் எழுதிய பிறகு. கிரைய ஒப்பந்தத்தைப் பதிவு செய்யுங்கள், வெள்ளைத் தாளில் எழுதியதை வைத்துக்கொண்டு பிறகு எதுவும் செய்ய முடியாது.

சேலையூர் வீடு இறந்துபோன கணவர் பெயரில், விற்பது அவர் மனைவியான அந்த அம்மா, மகன் சிங்கப்பூரில் என்கிறீர்கள். வாரிசுச் சான்று கேளுங்கள், மகள் இருக்கிறாரா என்று தனியாக வாய்விட்டும் கேளுங்கள். மகன் நேரில் வந்து கையெழுத்துப் போட்டால் நல்லது. பவர் (அவருக்காகக் கையெழுத்துப் போட இன்னொருவருக்குத் தரும் அதிகாரப் பத்திரம்) கொடுக்கிறார் என்றால் அங்குள்ள இந்தியத் தூதரகத்தில் சான்றொப்பம் வாங்கி, இங்கே முறைப்படி முத்திரைத் தீர்வை கட்டிய பவராக இருக்க வேண்டும். வாட்ஸ்அப்பில் வந்த நகல் செல்லாது.

விலை 50 லட்சத்துக்கு மேல் என்பதால் அம்மாவின் பங்குக்கு 1% டி.டி.எஸ். (கொடுக்கும் பணத்திலேயே பிடிக்கும் வரி) நீங்கள் பிடித்துக் கட்ட வேண்டும். மகன் வெளிநாட்டில் குடியிருப்பவர் என்றால் அவர் பங்குக்கு அந்த 1% பொருந்தாது, வேறு பிரிவு, விகிதமும் அதிகம். பிடிக்காமல் கொடுத்தால் வரித்துறை உங்களைத்தான் கேட்கும். ஒப்பந்தம் எழுதுமுன் ஆடிட்டரைப் பாருங்கள், மகனின் வரி நிலையை எழுத்தில் வாங்குங்கள். தாம்பரம் வக்கீல் எண்ணைத் தனிச்செய்தியில் அனுப்பியிருக்கிறேன், திங்கள் காலையில் கூப்பிடுங்கள், என் பெயரைச் சொன்னால் போதும்.